புளியமரத்தில் தொங்கிய சோறு



"ஊரில் பெரியவர்களிடம் கேட்டு, நாட்டு வரலாற்றோடு சேர்ந்த ஒரு செய்தியை எழுதி வாங்க" என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னார்கள். நம்ம ஊர்ல என்ன வரலாறு இருக்கப்போவுது என்று நினைத்துக்கொண்டே என் அப்பாயியிடம் கேட்டேன். அப்பாயிக்கு வயது 82.

முதலில் புத்தகத்தில் உள்ளது:

உப்பு வரியை எதிர்த்து காந்தியடிகள் 1930 மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து நடந்து, ஏப்ரல் 6-ல் தண்டியில் உப்பு எடுத்தார். நம் பக்கத்தில் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். தூரம் சுமார் 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். சில இடங்களில் சோற்றுப் பாத்திரங்களை மண்ணில் புதைத்து வைத்து, இடத்தை மட்டும் காட்டினார்கள். ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார்.

அப்பாயி சொன்னது:

"எங்க மாமியா சொல்லும் கண்ணு. வீட்ல எல்லாரும் வேணாம்னாங்களாம். அது கேக்கல. விடியறதுக்கு முந்தி புளிச்சோறு கிண்டி, இலையில மடிச்சு, பழைய வேட்டித் துணியில முடிஞ்சு, ரோட்டோரப் புளியமரத்துல கட்டிட்டுத் திரும்பிப் பாக்காம ஓடியாந்துச்சாம். மறுநா போய்ப் பாத்தா, துணியை மடிச்சு வேருமேல வெச்சிருந்தாங்களாம். காந்தியும் அந்த வழியாத்தான் நடந்து போனாராம்."

இதை வகுப்பில் படித்தேன். "காந்தி தண்டியிலல்ல இருந்தாரு!" என்று பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. "இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுப் பாரு" என்றார்கள்.

கீழத்தெரு தாத்தாவிடம் போனேன். "காந்தி ஆளுங்க வந்தாங்கன்னு எங்கப்பா சொல்வாரு" என்றார். அப்போதுதான் புரிந்தது. 'காந்தி ஆளுங்க' என்பதுதான் வாய்வழியாக வந்து வந்து 'காந்தி' என்று ஆகியிருக்கும். அப்பாயி பொய் சொல்லவில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டவை:

1. பார்த்ததா, கேட்டதா என்று விசாரித்து எழுத வேண்டும். அப்பாயி சொன்னது கேட்டது.
2. ஒரே செய்தியை இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும்.
3. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். தவறு இருந்தால் அடிக்காமல், பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டும்.
4. சுவரிதழில் போடலாமா என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். "சோத்துப் பானையைப் பொதச்ச எடம் குளத்தங்கரையில இருக்கு. எங்கப்பா காட்டியிருக்காரு. வா, காட்டுறேன்" என்று கீழத்தெரு தாத்தா சொன்னார். பரீட்சை முடிஞ்சு வர்றேன் தாத்தா என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பரீட்சைக்கு முதல்நாள் தாத்தா இறந்துவிட்டார். அவர் மகனுக்கும் அந்த இடம் தெரியவில்லை. நான் குளக்கரையை இரண்டு முறை சுற்றி வந்தேன். எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது.

புத்தகத்தில் ராஜாஜி பெயர் இருக்கிறது, கலெக்டர் பெயரும் இருக்கிறது. சோறு கட்டியவர்கள் பெயர் இல்லை. அப்பாயியின் மாமியார் பெயரைக் கேட்டு என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் தாத்தா, பாட்டி இருப்பார்கள். பரீட்சை முடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்று சாயங்காலமே கேளுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி