கிராண்டில் யார் பெயர்?

தாய்லாந்து எல்லையில், சடாவ் சுங்கத்துறைக் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் பேனா முனையால் என் கார் கிராண்டை, அதாவது பதிவுச் சான்றிதழை, இரண்டு தட்டு தட்டினார். அப்புறம் என் பாஸ்போர்ட்டைத் தட்டினார். மறுபடியும் கிராண்டை. அவருக்கு மலாய் கொஞ்சம் வரும். “நாமா லாயின்” என்றார். பெயர் வேறு.

2025 டிசம்பர் பள்ளி விடுமுறை. நம் மலேசியக் கடிகாரத்தில் காலை ஏழு, அங்கே ஆறு. எனக்குப் பின்னால் கார்கள் வால் தெரியாமல் நின்றன. மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் எல்லோரும் இமிகிரேஷன் முத்திரை வாங்கி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சின்னவன் என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

காரை ஓட்டுவது நான். எட்டு வருடமாக மாதா மாதம் தவணை கட்டுவதும் நான். கிராண்டில் இருப்பது மட்டும் என் மச்சான் பெயர். 2017-ல் வங்கி எனக்குக் கடன் தர மறுத்துவிட்டது. பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று எங்கோ பதிவாகிக் கிடந்திருக்கிறது. நம் குடும்பங்களில் இது புதிதா என்ன? உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கார் வேறு யார் பெயரிலோ நிற்கத்தான் செய்யும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மச்சானிடம் கேட்டேன், ஒரு கடிதம் எழுதித் தருகிறீர்களா என்று. “அதெல்லாம் எவனும் கேக்க மாட்டான்லா. நான் எத்தன தடவ போய்ட்டு வந்திருக்கேன்!” என்றார். போய் வந்திருக்கிறார், உண்மைதான். அவர் காரில், அவர் பெயரில். அந்த வித்தியாசம் அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. உங்களுக்காவது உறைத்திருக்க வேண்டாமா என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். இரண்டாவது முறை கேட்டிருந்தால், அவள் அண்ணனை நான் நம்பவில்லை என்று அவளே சொல்லியிருப்பாள்.

கவுண்ட்டரில் கெஞ்சிப் பார்த்தேன். போனில் மச்சான் அடையாள அட்டையின் படம் இருந்தது, காட்டினேன். அம்மாள் போனைப் பார்க்கவே இல்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். ஒரே காலையில் தாய்லாந்துக்குள் நுழைந்த முத்திரையும் வெளியேறிய முத்திரையும் ஆறு பாஸ்போர்ட்டிலும் விழுந்தன.

எல்லைக்கு நம் பக்கம், சங்லூனில் ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்து மச்சானுக்கு அடித்தால், போன் அணைத்துக் கிடந்தது. சனிக்கிழமை, தூங்குகிறார். பத்தரைக்கு எடுத்தார். பக்கத்தில் தாய்லாந்து இன்சூரன்ஸ் விற்கும் கடைக்காரப் பெண்தான் விவரமாகச் சொன்னார்: உரிமையாளர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம், அடையாள அட்டை நகல், சத்தியப்பிரமாண ஆணையர் முத்திரை, எல்லாம் தாளாகக் கையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் உரிமையாளரே காரில் இருக்கவேண்டும். மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “அப்ப அவனையே வரச் சொல்லுங்க” என்றார்.

வந்தார். சாயங்காலம் அலோர் ஸ்டார் விமான நிலையத்தில், கறுப்புக் கண்ணாடியும் நீச்சல் கால்சட்டையுமாக. டிக்கெட் என் செலவு. கிராபியின் ஆவ் நாங்கில் முதல் இரவு அறைக்குக் கட்டிய 2,400 பாட் போயிற்று, சங்லூன் விடுதிக்குத் தனியாகக் கொடுத்தேன். எங்கள் அல்சா காரில் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம் என்று விற்றவர் சொன்னார். ஏழு பேரோடு பெட்டிகளும் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. பெரியவள் கிராபி வரைக்கும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் மச்சான்.

மற்ற வேலையெல்லாம் சுலபம். தாய்லாந்து இன்சூரன்ஸும் டிஎம் 2, டிஎம் 3 படிவங்களும் சங்லூன் கடைகளில் பத்து நிமிடத்தில் அடித்துத் தருவார்கள். 2025 மே முதல் ஆளுக்கொரு டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும்; நுழைவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம். காசு இல்லை. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை. ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக நிரப்பவேண்டும் என்பதை நான் மறுநாள் காலை ஐந்தரைக்குத் தெரிந்துகொண்டேன். கார் உள்ளே வந்ததற்குச் சுங்கத்தில் ஒரு தாள் தருவார்கள், அதைத் திரும்பும்போது கொடுக்கவேண்டும். தொலைத்தால் தொல்லை.

“ஹட்யாய் வெள்ளத்தில் மூழ்கி ஒரு மாதம்கூட ஆகலையே, இப்பப் போய் அந்தப் பக்கமா?” என்று கிளம்பும் முன் என் அக்கா கேட்டார். நவம்பரில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டது நிஜம். ஆனால் நவம்பர், டிசம்பர் மழை வளைகுடாப் பக்கத்து மழை. மேற்கே அந்தமான் கடல் பக்கம் அந்த நேரத்தில்தான் தெளியத் தொடங்கும். மே முதல் அக்டோபர் வரை கதை தலைகீழ். நான் இதைப் பார்த்துத்தான் கிராபியைத் தேர்ந்தெடுத்தேன். நாங்கள் இருந்த நான்கு நாளும் ஒரு சொட்டு மழை இல்லை. அக்காவுக்குப் படம் அனுப்பினேன், பதில் வரவில்லை.

ஹட்யாயைத் தாண்டிப் பத்தலுங், திராங் வழியாக நான்காம் எண் சாலையிலேயே போகலாம். எல்லையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் நல்ல சாலை, நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுகிறார்கள். பத்தலுங்குக்கும் திராங்குக்கும் நடுவில் மலை வளைவுகள் வரும். மாமியாருக்கு முன்கூட்டியே இஞ்சி மிட்டாய் கொடுத்துவிடுங்கள். கார் கொண்டுபோகிறவர்கள் ரய்லேயில் அறை எடுக்காதீர்கள். அது தீவு இல்லை, ஆனால் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைகள் அடைத்துக்கொண்டிருப்பதால் சாலையே கிடையாது. படகில்தான் போகவேண்டும். நாங்கள் ஆவ் நாங்கில் தங்கி, நீள்வால் படகில் போய் வந்தோம். படகுக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார், மச்சானையும் சேர்த்து.

நண்டு சாப்பிட்ட கணக்கை நான் இங்கே எழுதவில்லை.

திரும்பும்போது சடாவில் அதே கவுண்ட்டர், அதே அம்மாள். மச்சான் கார் தாளையும் தன் பாஸ்போர்ட்டையும் நீட்டினார். அம்மாள் ஒரு பார்வை பார்த்து முத்திரை குத்திவிட்டார். கார் நகர்ந்ததும் மச்சான் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா மச்சான், ஒரு கேள்வி கேட்டாளா?” என்றார்.