புறநகர் விடுதி: வாடகை மட்டும் செலவல்ல

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது முதல், சென்னைக்குக் கொள்முதலுக்குச் செல்லும் தென்மாவட்ட வணிகர்கள் பலர் அந்தப் பக்கமே அறை எடுக்கிறோம். பஸ்ஸிலிருந்து இறங்கும் இடம், வாடகையும் குறைவு. ஆனால் கணக்கை முழுமையாகப் போடுகிறோமா?

ஒரு தீபாவளிக் கொள்முதலின்போது நாமும் அங்கே தங்கினோம். வாடகையில் 400 ரூபாய் மிச்சம். மறுநாள் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் இறங்கி, கோடவுன் தெரு சேர்வதற்குள் 11.30 ஆகிவிட்டது. 10 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். பேசி வைத்த ஜவுளி கைமாறிவிட்டது. நம்மை நம்பியிருந்த சில்லறைக் கடைக்காரர்களிடம் கைவிரிக்க நேர்ந்தது. அந்த நாணயத்தை 400 ரூபாய் ஈடு செய்யுமா?

எனவே அறை எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. வாடகையுடன் போக்குவரத்துச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

2. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். விடியற்காலை 5 மணிக்கு அறை எடுப்பவருக்கு, இரண்டாவது முறையில் நண்பகலுக்குள் ஒரு நாள் முடிந்துவிடும்.

3. வரி சேர்த்த தொகையைக் கேளுங்கள். 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய்க்குட்பட்ட அறைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

4. இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

5. கொள்முதல் பணத்தை அறையில் விட்டுச் செல்லாதீர்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பும் முன்னிரவுக்குப் புறநகர் விடுதி ஏற்றதே. கொள்முதல் நாளுக்குக் கடைத்தெரு அருகே தங்குவதே லாபம்.