நீல மலர்களும் அவற்றின் ஊர்ப்பெயர்களும்

இறைவழிபாட்டில் மலருக்குத் தனிச்சிறப்பு உண்டு. வில்வமும் துளசியும் இன்னவையென யாவரும் அறிவர். ஆனால் வேலியிலும் தரவையிலும் குளத்திலும் தாமாகவே பூக்கும் நீல மலர்களின் பெயர்கள் இன்று பெரும்பாலும் முதியோர் நாவிலேயே தங்கியுள்ளன. பெயர் மறைந்தால் அம்மலர் பற்றிய அறிவும் மறைந்துவிடும். அவற்றுள் நான்கு இங்கு நோக்கத்தக்கவை.

1. காக்கணம்: கதியால் வேலியில் படரும் கொடி. பூ சங்கு போன்றிருப்பதால் சங்குபுஷ்பம் எனவும் வழங்கும். குறிஞ்சிப்பாட்டில் கருவிளை என இடம்பெறுகின்றது. வடமொழியில் 'அபராஜிதா', அதாவது வெல்லப்படாதவள். சிங்களத்தில் கட்டரொலு. வெள்ளை நிறத்தில் பூக்கும் வகையும் உண்டு.

2. விஷ்ணுகிராந்தி: வறண்ட நிலத்தில் தரையோடு படரும் சிறுபூண்டு. மிகச் சிறிய நீலப்பூக்கள் காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். கேரள மக்கள் போற்றும் தசபுஷ்பங்களுள் இதுவும் ஒன்று.

3. காயா: வன்னி போன்ற உலர்வலயக் காடுகளில் வளர்வது. கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். திருமாலைக் 'காயாம்பூ வண்ணன்' என அழைப்பது இம்மலரின் நிறங்கொண்டேயாகும்.

4. நீலோற்பலம்: குளங்களில் மலரும் இளநீல அல்லி, சிங்களத்தில் நில் மானெல். 1986 இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் பெயரில் ஊதா நிறமுடைய வேறோர் அல்லியின் படமே பலகாலம் வழங்கி வந்ததைத் தாவரவியலாளர் பின்னர் எடுத்துக்காட்டினர்.

தேசிய மலருக்கே இந்நிலையெனின், மூலிகைகளின் நிலை என்னவாகும்? சங்கபுஷ்பி என்றால் வடஇந்திய வைத்தியர் கருதுவது தரையில் படரும் வேறொரு பூண்டை. தென்னாட்டிலோ அப்பெயரால் காக்கணத்தையும் குறிப்பர். காக்கணத்தின் வேரும் விதையும் பேதியை உண்டாக்குபவை. எனவே பெயரை மட்டும் கேட்டு மருந்துக்குப் பிடுங்குதல் ஆபத்தானது. இலை, பூ, காய் மூன்றையும் பார்த்து, அறிந்தவர் சொற்கேட்டே கொள்ளல் வேண்டும்.

ஆலய நந்தவனத்தில் காக்கணத்தை நாட்டுவது எளிது. விதை போட்டாலே முளைக்கும். பூ ஆய வரும் பிள்ளைகளுக்குப் பெரியோர் ஒவ்வொரு பூவையும் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுப்பார்களாயின், பூசைக்கு மலரும் கிடைக்கும். முன்னோர் அறிவும் நிலைக்கும்.