முயலுக்குக் கேட்பதும் நமக்குக் கேட்பதும்

நம் ஊரில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது. சின்ன வயதில் அதில் ஒரு தடவையாவது கெண்டைக்காலில் சூடு வாங்கியிருப்போம். துப்பாக்கியில் மாட்டுகிற சைலன்சரைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். வில்லனின் ஆள் குழலின் முனையில் எதையோ திருகுவான், 'ப்ச்' என்று ஒரு சத்தம், எதிரே நிற்பவர் காலி. இந்த இரண்டு சைலன்சர்களும் ஒரே குடும்பம்தான். ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சின் சத்தத்தை அடக்குவதிலும் அதே யோசனையோடு இறங்கினார். சூடான வாயு ஒரே வீச்சில் வெளியே பாயாமல் அறை அறையாகப் புகுந்து, விரிந்து, ஆறி வெளியேறட்டும் என்பதே அந்த யோசனை. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர் அவருடைய அப்பா. அப்பா கிளப்பிய சத்தத்தை அடக்கும் வேலை பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

சினிமா 'ப்ச்' பெரும்பாலும் பொய். நிஜ உலகில் அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரக்கூடியது ஒன்று உண்டென்றால், அது சைலன்சர் மாட்டிய பாயின்ட் டூ டூ, அதாவது .22 அங்குலக் குழல் கொண்ட ரைஃபிள்தான். எந்த வகைப் பாயின்ட் டூ டூ என்பதில்தான் வாதமே. ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷனா, சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேடிக்கா?

நியூசிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். தென் தீவில், மத்திய ஒட்டாகோவில், அலெக்சாண்ட்ரா ஊருக்கு வெளியே சில ஏக்கர் வாங்கியிருக்கிறார். "அண்ணே, பக்கத்து வீட்டுல குதிரை இருக்கு. முயலும் சாகணும், குதிரையும் மிரளக் கூடாது. எதை வாங்கலாம்?" அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட முயல், 1876லேயே தனிச் சட்டம் போடுகிற அளவுக்குத் தொல்லையாகிவிட்டது. 1997இல் விவசாயிகள் அரசுக்குத் தெரியாமல் முயல்களைக் கொல்லும் வைரஸைக் கொண்டுவந்து பரப்பினார்கள். அதற்கும் முயல் அசரவில்லை. இன்றும் ராத்திரியில் விளக்கடித்துச் சுடுவது அங்கே தோட்ட வேலை மாதிரி. துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். ஆனால் சைலன்சர் அங்கே வில்லன் சாமான் இல்லை, வேட்டைக் கடையில் சைக்கிள் பம்பு மாதிரி வரிசையாகத் தொங்கும். 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு பெரும்பாலான செமி ஆட்டோமேடிக்குகளைத் தடை செய்தபோதும், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத பாயின்ட் டூ டூ ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) ரைஃபிள்களை விட்டுவைத்தார்கள். அதனால் இரண்டு வகையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தோட்டாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குழல் முனையில் வெடித்து வரும் வாயுவின் சத்தத்தை மட்டும்தான் சைலன்சர் அடக்கும். குண்டு ஒலியை விட வேகமாகப் போனால், போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்கினாற்போல் ஒரு சத்தம் கூடவே போகும். அது குழலைத் தாண்டிப் பிறக்கிற சத்தம், அதைச் சைலன்சர் எட்டிக்கூடப் பிடிக்க முடியாது. வழக்கமான பாயின்ட் டூ டூ குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். 'ஹை வெலாசிட்டி' என்று அட்டையில் போட்டிருந்தால் அது நொடிக்கு 375 மீட்டரைத் தாண்டும், அதாவது ஒலியை முந்தும். 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' 325ஐ ஒட்டிப் போகும், 'சப்சானிக்' அதற்கும் கொஞ்சம் கீழே. சிசிஐ நிறுவனத்தின் 'குவையட்' தோட்டா 216 மீட்டரில் ஊர்ந்து போகும். பணத்தைக் கொட்டி நல்ல சைலன்சர் வாங்கி, ஹை வெலாசிட்டி தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிட்டு, "எங்கே சத்தம் குறைஞ்சுது?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

இதில் குளிருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இருபது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், உறைநிலையில் 331தான். ஒட்டாகோவின் ஜூலை மாத ராத்திரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி போனால் 328. கோடையில் ஒலிக்குக் கீழே சௌகரியமாகப் போன ஸ்டாண்டர்டு தோட்டா அந்த ராத்திரியில் விளிம்பில் நடக்கும். குளிரில் வெடிமருந்தும் சற்று மந்தமாக எரிவதால் குண்டின் வேகமும் கொஞ்சம் இறங்கும். இரண்டும் கழிந்தது போக, பத்துக் குண்டில் இரண்டு மூன்று மட்டும் 'டப்' என்று சொடுக்கும். துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்து நண்பர் கவலைப்படுவார் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

ஒலிக்குக் கீழே போகும் தோட்டா இரண்டிலும், சைலன்சரும் இரண்டிலும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது?

செமி ஆட்டோமேடிக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1964இல் வந்த ரூகர் 10/22 இந்த வகையின் அம்பாசிடர் கார், ஊரெல்லாம் அதுதான். அதன் போல்ட் எந்தப் பூட்டிலும் மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. நூற்றுச்சொச்சம் கிராம் இரும்பு, பின்னால் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். வாயு குண்டை முன்னே தள்ளும் அதே நேரத்தில் வெற்றுக் கூட்டையும் பின்னே தள்ளுகிறது. கனமான போல்ட் சோம்பலாக நகர்வதற்குள் குண்டு வெளியே போய்விடும் என்பது கணக்கு. சைலன்சர் இல்லாதபோது கணக்கு சரியாகவே வரும். சைலன்சரை மாட்டியதும் வாயு முன்பக்கமாக ஓட முடியாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே தேங்குகிறது. போல்ட் திறக்கும்போது அந்த மிச்ச அழுத்தம் கூடு வெளியேறும் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கிளம்புகிறது. பிரஷர் குக்கரின் ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறந்தாற்போல. அந்த ஓட்டை இருப்பது சுடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். சத்தம் மட்டுமில்லை, சில சமயம் புகையும் கரியும் கண்ணாடியில் படியும்.

அதோடு இரும்புச் சத்தமும் உண்டு. போல்ட் பின்னால் போய் ஓர் எஃகு ஊசியில் மோதுகிறது, திரும்பி வந்து குழலில் அறைகிறது. இதை அறிய ஒரு தோட்டாகூடச் செலவாக வேண்டாம். காலித் துப்பாக்கியை, காலி என்று இரண்டு தரம் பார்த்த பிறகு, வீட்டுக்குள் வைத்து போல்ட்டை இழுத்துச் சட்டென்று விடுங்கள். 'க்ளாக்' என்று பழைய இரும்புக் கேட் சாத்துகிற சத்தம். சுடும்போது இதற்குக் கீழே உங்கள் துப்பாக்கியின் சத்தம் இறங்கவே இறங்காது, எவ்வளவு விலை கொடுத்த சைலன்சராக இருந்தாலும் சரி. அந்த எஃகு ஊசியை எடுத்துவிட்டு பாலியூரிதேன் ஊசி போடுவது 10/22 வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் மலிவான சிகிச்சை. பின்பக்க மோதலை அது தணிக்கும், முன்பக்க அறையலுக்கு மருந்தில்லை.

போல்ட் ஆக்‌ஷனில் இந்த வம்பே கிடையாது. சிஇசட், டிக்கா டி1எக்ஸ், எதை எடுத்தாலும் போல்ட் பூட்டிக்கொண்டு நிற்கும், பின்பக்கமாக ஒரு துளி வாயு வராது. விசையை அழுத்தினால் ஊசி விழும் 'டிக்', முனையில் ஒரு பெருமூச்சு, அப்புறம் தூரத்தில் குண்டு விழுந்த 'தொப்'. குவையட் தோட்டாவென்றால் இந்த மூன்றில் 'தொப்'தான் பெரியது. போல்ட்டை எப்போது திறப்பது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நொடி பொறுத்து, மெதுவாகத் தூக்கி, வெற்றுக் கூட்டைக் கையிலேயே ஏந்திக்கொள்ளலாம். அவசரப்பட்டு இழுத்தால் அதுவும் தடதடக்கும்தான். ஆனால் அது நீங்கள் போடும் சத்தம்.

விளம்பரங்களில் வரும் டெசிபல் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். சைலன்சர் இல்லாத பாயின்ட் டூ டூ ரைஃபிள் முனையருகே சுமார் 140 டெசிபல் உச்சம் தொடும், சைலன்சரும் மெதுவான தோட்டாவும் சேர்ந்தால் 115 முதல் 120 வரை இறங்கும். பெரும்பாலான எண்கள் குழல் முனைக்கு இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் எடுத்தவை. அந்த இடத்தில் செமியும் போல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். ஓட்டையிலிருந்து வரும் வாயுவும் இரும்புச் சத்தமும் வலப்பக்கம், பின்னால், உங்கள் காதருகே. எனவே 'சுடுபவர் காதருகே' என்று தனியாக அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். செல்போன் ஆப்பில் அளந்து பார்ப்பது வீண். மில்லி நொடிகளில் வந்து போகும் உச்சத்தை அந்த மைக் பிடிக்காது, தைரியம் தருகிற ஒரு பொய் எண்ணைக் காட்டும்.

முயலின் பக்கம் நின்று பார்த்தால் கதையே மாறுகிறது. தூரம் இரட்டிப்பாக ஆக சத்தம் ஆறு டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் கேட்பது ஐம்பது மீட்டரில் 34 டெசிபல் இறங்கியிருக்கும். நம் காதைக் குத்துகிற 'க்ளாக்' அங்கே போய்ச் சேரும்போது எங்கேயோ ஒரு கிளை முறிந்த சத்தம். முயல் தலையைத் தூக்கும், காதைத் திருப்பும், பெரும்பாலும் மறுபடி மேயப் போய்விடும். அதை ஓட வைப்பது ஒலியை முந்துகிற குண்டின் சொடுக்கல்தான். ஆக, இரண்டு துப்பாக்கிக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பெருமளவு அனுபவிக்கப் போவது சுடுகிறவர்தான், முயலுமில்லை, இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் குதிரையுமில்லை. தோட்டாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் குதிரை விஷயம் முக்கால்வாசி முடிந்தது.

அப்படியானால் செமியே வாங்கலாமே என்றால், அங்கே தோட்டா குறுக்கே வருகிறது. போல்ட்டைப் பின்னே தள்ளத் தோட்டாவில் தெம்பு வேண்டும். மெதுவான தோட்டா பாதி தூரம் தள்ளிவிட்டுக் கை விரிக்கும், வெற்றுக் கூடு ஓட்டையில் குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டாண்டர்டு வெலாசிட்டியைப் பல செமிகள் ஏற்கும், சில அடம்பிடிக்கும். அந்த 216 மீட்டர் குவையட் தோட்டாவைச் செமியில் போட்டால் ஒவ்வொரு தடவையும் கையால்தான் இழுக்க வேண்டும். சிசிஐ பிறகு செமிக்கென்றே கனமான குண்டு வைத்து ஒரு குவையட் தோட்டா கொண்டுவந்தது. அதுவும் உங்கள் துப்பாக்கியில் ஓடுகிறதா என்பதைப் பெட்டி வாங்குமுன் பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போல்ட் ஆக்‌ஷனுக்கு எதைப் போட்டாலும் சாப்பாடுதான்.

கரி இன்னொரு தலைவலி. ரிம்ஃபயர் தோட்டா அழுக்கானது, ஈயக் குண்டும் மெழுகுப் பூச்சுமாகச் சைலன்சருக்குள் ஒரு படலம் போட்டுக்கொண்டே இருக்கும். பிரித்துக் கழுவ முடியாத சைலன்சரை வாங்கவே வாங்காதீர்கள். செமியில் இந்த அழுக்கு பின்பக்கமாகத் திரும்பி வந்து போல்ட்டையும் சிக்க வைக்கும். சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற வைத்தால் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஈயம் கரைந்து தோல் வழியே ஏறுகிற விஷமாக மாறும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. நியூசிலாந்தில் விற்கும் பல ரைஃபிள்களின் முனையில் அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை இருக்கும், அமெரிக்கச் சாமான்களுக்கு 28. பொருந்தாததைத் திருகி முறுக்கினால் சைலன்சர் கோணலாக உட்காரும், குண்டு அதன் உட்சுவரில் உரசும். முதல் குண்டு மட்டும் சற்று உரக்கக் கேட்டால் பதற வேண்டாம், சைலன்சருக்குள் இருக்கும் காற்றில் மிச்ச மருந்து எரிவதுதான் காரணம். குழல் ரொம்பக் குட்டையாக வேண்டாம். நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் இத்தனூண்டு மருந்து உள்ளேயே எரிந்து முடிந்துவிடும். சத்தம் சின்னதாகிவிட்டது என்பதால் குண்டும் சின்னதாகிவிடவில்லை. பாயின்ட் டூ டூ ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. மெதுவான ஈயக் குண்டு உறைந்த மண்ணிலும் ஒட்டாகோவின் பாறையிலும் பட்டுத் தெறித்துக் கண்ட திசையில் போகும். பின்னால் மண்மேடு இல்லாத முயலைச் சுடக் கூடாது.

என் தீர்ப்பு நடுநிலையானது இல்லை. வண்டியின் பின்னால் நின்று விளக்கடித்து, ஒரே ராத்திரியில் பெரிய பண்ணை முழுக்கச் சுற்றி நூறு முயல் சுடுகிறவருக்குச் செமிதான். காதுக் கவசம் போட்டுக்கொண்டால் 'க்ளாக்'கும் வாயுவும் அவரை ஒன்றும் செய்யாது, அந்த இரண்டாவது, மூன்றாவது தோட்டா அவருக்குத் தேவை. சில ஏக்கரில், சமையலறைக் கதவருகே நின்று, வாரத்துக்கு நாலு முயல் சுடுகிறவருக்குப் போல்ட். முதல் குண்டில் நிதானம் வரும், எந்தத் தோட்டாவும் ஓடும், பக்கத்தில் தூங்குகிற குழந்தைகூட எழாது. நண்பர் இந்த இரண்டாவது ரகம். எனக்குச் செமிமேல் ஒரு கண் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன், சுடுவதற்குச் சுவாரசியம் அதில்தான்.

போல்ட்தான் வாங்கினார். மூன்று வாரம் கழித்து வேலியோரமாக வந்த குதிரைக்காரர், "முயல் சுட ஏதோ துப்பாக்கி வாங்கப் போறேன்னு சொன்னீங்களே, எப்போ வாங்கப் போறீங்க?" என்று கேட்டாராம். அதற்குள் நண்பர் பதினொரு முயல் சுட்டிருந்தார்.