வேங்கையேறிய வீரமங்கை

மக்கள் கதை கேட்கத் தொடங்கிய நாள்முதல், மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஆற்றல் உடையோரைக் கதைகளிற் படைத்து வந்துள்ளனர். மலையைப் பெயர்க்கும் வீரனும், வானிற் பறக்கும் வித்தகனும் இல்லாத நாட்டுக் கதை இல்லை. தம்மால் இயலாததைக் கதைமாந்தர் செய்து முடிக்கக் காணுங்கால் கேட்போர் உள்ளம் ஒருவகை நிறைவு எய்துகின்றது. ஆனால், அத்தகைய ஆற்றல் ஒரு பெண்ணின் கையில் அமையும்போது, கேட்போர் அனைவரும் ஒரே மனத்தினராய் இருப்பதில்லை. சிலர் போற்றுவர், சிலர் ஐயுறுவர், வேறு சிலர், ஆற்றல் இருக்கட்டும், அவள் இருக்கவேண்டிய இடம் வேறு என்பர். அவர்கள் கூறும் கருத்துகளை ஆராய்ந்தால், கதையின் இயல்பை மட்டுமன்றி, அதனைக் கேட்டவர் வாழ்ந்த காலத்தின் இயல்பையும் அறியலாம்.

இதனை அறிதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நொய்யலாற்றங்கரைத் திருப்பூர் இன்று பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாகத் திகழ்கின்றது. அதற்குத் தென்கிழக்கே உள்ள காங்கேயம் வட்டாரத்து ஊர்களில், பின்னல் எந்திரங்களின் ஓசை எழுவதற்கு முன்பே, உடுக்கை ஒலியோடு இரவெல்லாம் பாடப்பட்டு வந்தது அண்ணன்மார் சுவாமி கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வீரமே அக்கதையின் பொருள் எனப் பலர் கருதுவர். ஆயினும், அவர்தம் தங்கை அருக்காணி என்னும் தங்காள் இன்றேல் அக்கதை நிறைவுறாது. வரவிருக்கும் தீங்கை முன்னரே கனவிற் காண்பவள் அவள். கண்டதை அண்ணன்மாரிடம் கூறித் தடுத்தும் பார்த்தாள். அவர்கள் கேட்டிலர், சென்றனர், படுகளத்தில் மாண்டனர். தங்காள் காடெல்லாம் அலைந்து அவர்தம் உடல்களைக் கண்டாள். தெய்வ அருளால் அவர்களை உயிர்பெற்று எழச் செய்தாள். எழுந்தவர்களோ, தம் காலம் முடிந்தது என்று கூறி, மீண்டும் உயிர் நீத்தனர்.

இக்கதையைக் கேட்ட கொங்கு மக்கள் தம் கருத்தைச் சொல்லால் மட்டும் தெரிவித்தாரல்லர், உடலாலும் தெரிவித்தனர். அண்ணன்மார் வழிபாட்டில் படுகளம் விழுதல் என்பது ஒரு சடங்கு. பாட்டு உச்சநிலையை அடையும்போது ஆடவர் சிலர் தம்மை மறந்து மாண்டார்போல் வீழ்வர். பின்னர், தங்காள் நிலையில் நிற்கும் ஒரு பெண் நீர் தெளிக்க, அவர்கள் எழுவர். ஊரே சூழ்ந்து நின்று கண்ணீர் மல்கக் காணும். ஒரு பெண்ணின் தெய்வ ஆற்றலை இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்ட அவையினர் வேறு யாவர்?

கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் என்னும் அம்மையார், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, 1965ஆம் ஆண்டில் இக்கதையைப் பாடுவோர் வாயிலாகவே ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அது, பொன்னிவள நாட்டுக் கதை என்னும் கருத்தமைந்த பெயருடன், 26 பகுதிகள் கொண்ட அசையும் படத்தொடராக அவர் முயற்சியால் உருப்பெற்றது. படக்கதை நூல்களாகவும் வெளிவந்தது. உடுக்கைப் பாட்டில் செவியால் அறியப்பட்ட தங்காள், வண்ணப் படங்களில் கண்ணால் அறியப்படுபவள் ஆனாள்.

படத்தால் கதை கூறும் கலைக்கும் இப்பகுதிக்கும் வேறோர் உறவும் உண்டு. இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்த காரத்தொழுவு என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஓவியர் சங்கர். கே. சி. சிவசங்கரன் என்பது அவர் முழுப்பெயர். 'அம்புலிமாமா'வில் வேதாளத்தைத் தோளிற் சுமந்து, கையில் வாளேந்திச் செல்லும் விக்கிரமாதித்தனை வரைந்து, பல தலைமுறைச் சிறுவர்க்கு அறிமுகம் செய்தவர் அவரே. அவர் மறைந்த பின்னர், 2021ஆம் ஆண்டில், நடுவண் அரசு பத்மசிறீ விருதால் அவரைச் சிறப்பித்தது. சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் தோன்றி, இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்க்கு வழங்கியது. அவ்வூரிலிருந்தே 1984ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், தன் முதல் இதழில் மாடஸ்டி என்னும் மங்கையையே கதைத்தலைவி ஆக்கியது. எனினும் மாடஸ்டி மாய ஆற்றல் உடையவள் அல்லள். கூரிய அறிவும் பழகிய கையுமே அவளுக்குத் துணை.

மாய ஆற்றல் கொண்ட வீரமங்கை ஒருத்தி படக்கதையிற் புதிதாகத் தோன்றியபோது படிப்போர் என்ன கூறினர் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் எண்ணிக்கையோடு கூடிய சான்று ஒன்று உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்னும் உளநூல் அறிஞர் 1941ஆம் ஆண்டில் 'ஒண்டர் உமன்' என்னும் கதைத்தலைவியைப் படைத்தார். பெண்களே வாழும் தீவொன்றின் இளவரசி அவள். அவள் வீசும் கயிற்றிற் கட்டுண்டோர் பொய் கூற இயலாது. அக்காலத்துப் படக்கதைகளில் ஆடவரான வீரர் பலர் ஒன்றுகூடி நடத்திய நீதிக் கழகம் ஒன்று இருந்தது. பெண்ணாயினும் இவளை அக்கழகத்தில் உறுப்பினர் ஆக்கலாமா என்று, 1942ஆம் ஆண்டில் வெளியீட்டார் தம் வாசகர்களையே வினவினர்.

முதலில் வந்து சேர்ந்த விடைகள் 1,801. அவற்றுள் ஆகும் என்றோர், சிறுவர் 1,265 பேர். சிறுமியர் 333 பேர். ஆகாது என்றோர், சிறுவர் 197 பேர். சிறுமியர் 6 பேர் மட்டுமே. சிறுவருள் ஏழில் ஏறத்தாழ ஒரு பங்கினர் மறுத்திருப்பதையும், சிறுமியருள் மறுத்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருப்பதையும் நோக்குக. ஆயினும், மறுத்தோரினும் ஏற்ற சிறுவரே பன்மடங்கினர். வீரத்தைக் கண்டவிடத்து, அஃது ஆணுடையதா பெண்ணுடையதா என்று பாராமல் போற்றும் உள்ளம் இளையோர்க்கு இயல்பாகவே உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஆனால், அதன்பின் நிகழ்ந்ததே சிந்திக்கத்தக்கது. வாசகர் தீர்ப்பின்படி அவள் கழகத்தில் இடம் பெற்றாள். என்ன பணி அளித்தனர்? செயலாளர் பணி! வீரர் அனைவரும் போர்க்களம் நோக்கிப் புறப்பட, அவர்தம் எவரினும் ஆற்றல் குறையாத அவளோ, கடிதங்களுக்கு விடை எழுதும் பொருட்டு இருப்பிடத்திலேயே தங்கினாள். வாசகர் கதவைத் திறந்தனர்; கதை எழுதியோர் அவளை வாயிலிலேயே அமர்த்தினர். தங்காள் கதையோடு இதனை ஒப்பிடுக. இறந்தோரை எழுப்பவல்லவள் என அவள் ஆற்றலை உலகம் வணங்கிற்று. ஆனால், உயிரோடிருந்த அண்ணன்மார் அவள் சொல்லைக் கேட்டாரல்லர். பெண்ணின் ஆற்றலை வியத்தல் எளிது. அவள் சொல்லுக்குச் செவிசாய்த்தல் அரிது. இரு கதைகளும் உணர்த்தும் உண்மை இஃதே.

இவ்வுண்மையை மையமாகக் கொண்டு நம் நாட்டில் எழுந்த படக்கதையே 'பிரியாவின் சக்தி'. 2012ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தில்லி மாநகரில் பேருந்து ஒன்றில் மாணவி ஒருவர் கொடுமைக்கு ஆளாகி உயிர் நீத்தார். நாடு முழுவதும் மக்கள் கொதித்தெழுந்தனர். அப்போராட்டங்களைக் கண்டவருள் ஒருவர் ராம் தேவினேனி என்னும் திரைப்பட இயக்குநர். அவர் அங்கிருந்த காவலர் ஒருவரிடம் உரையாடியபோது, நல்ல பெண் இரவில் தனியே நடந்து செல்லமாட்டாள் என்னும் பொருள்பட அக்காவலர் விடை கூறினார். குற்றம் செய்தவனை விடுத்துத் துன்புற்றவளைக் குறைகூறும் இம்மனப்பான்மையை மாற்றச் சட்டம் மட்டும் போதாது என அவர் உணர்ந்தார். அவ்வுணர்வின் பயனாக, 2014ஆம் ஆண்டு திசம்பரில் அப்படக்கதை வெளிவந்தது. டான் கோல்டுமன் என்பார் படங்களை வரைந்தார்.

பிரியா சிற்றூர்ப் பெண்; கல்வியில் விருப்புடையவள். வன்கொடுமைக்கு ஆளான அவளை, அரவணைக்க வேண்டிய குடும்பத்தாரே பழித்துத் துரத்தினர். காட்டிற் புகுந்த அவளைப் புலி ஒன்று பின்தொடர்ந்தது. அவள் துயர் பார்வதி தேவியின் செவிக்கு எட்டிற்று. தேவியின் அருளால் பிரியா அச்சத்தை வென்றாள். எதிர்நின்று புலியை நோக்கினாள். அவளை விழுங்க வந்த புலி அவளுக்கு ஊர்தி ஆயிற்று. அவள் அதன்மீது ஏறித் தன்னைத் துரத்திய ஊருக்கே மீண்டாள். யாரையும் கொல்லுதற்கு அன்று. நாணி ஒடுங்காமல் பேசுங்கள், பெண்ணை மதியுங்கள், பிள்ளைகள் அனைவரையும் படிக்கவையுங்கள் என்று உரைத்தற்கே மீண்டாள். அமிலம் வீசப்பட்ட பெண்களைப் பற்றி 2016ஆம் ஆண்டிலும், கடத்தப்பட்ட பெண்களைப் பற்றி 2019ஆம் ஆண்டிலும் அவள் கதைகள் தொடர்ந்தன. ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு அவளைப் பாலினச் சமன்மைக்குப் பாடுபடும் வீரமங்கை எனப் பாராட்டியது.

இத்தகைய கதையைக் குறித்து ஐயங்கள் எழுதல் இயல்பே. கொடிய செய்தியைச் சிறுவர் விரும்பும் படக்கதையிற் கூறுதல் தகுமோ என்பார் சிலர். மறைத்து வைக்கப்படும் புண் ஆறுவதில்லை. அருவருப்பு ஊட்டாமல், துன்புற்றவளின் மதிப்புக் குறையாமல் கூறப்படுமாயின், அஃது அறிவுறுத்தலே ஆகும். தெய்வத்தைக் கதைமாந்தர் ஆக்கலாமோ என்பார் வேறு சிலர். நம் நாட்டுக் கூத்தும் பாட்டும் அவ்வாறு செய்தே வந்துள்ளன. தங்காள் கதையே அதற்குச் சான்று. நோக்கம் தூயதா என்பதே பார்க்கத்தக்கது.

இவற்றினும் வலிய தடை ஒன்று உண்டு. பிரியாவுக்குத் தேவி துணை நின்றாள், புலியும் கிட்டிற்று. உண்மை வாழ்வில் ஒரு பெண்ணுக்குப் புலி கிட்டுமோ? மாயக் கதை பொய்யான ஆறுதலை அன்றோ தருகின்றது? இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. மாயத்தை மட்டும் கண்டு மகிழ்ந்து, புத்தகத்தை மூடிவைப்பார்க்கு அக்கதை பொய்யான ஆறுதலே. ஆனால், புலி எங்கிருந்து வந்தது என்பதை ஊன்றி நோக்குக. வேற்றுலகிலிருந்து வந்த புலி அன்று அது. அவளைத் துரத்திய அதே புலி. அச்சமே வடிவெடுத்துத் தொடர்ந்தது. நின்று எதிர்நோக்கியபோது அதுவே வலிமை ஆயிற்று. ஊருக்கு மீண்டபின் அவள் கையாண்ட படைக்கலம் சொல் ஒன்றே. சொல் பயன்படுதற்குச் சொல்பவர் மட்டும் போதார், கேட்பவரும் வேண்டும். ஆதலின், அக்கதையின் எஞ்சிய பகுதி படிப்போர் கையிலேயே உள்ளது.

திருப்பூரில் விளக்கு வைத்த பின்னரும் பனியன் நிறுவனங்களின் வாயில்களிலிருந்து பெண்கள் திரள்திரளாய் வெளிவரக் காணலாம். துணியில் பிசிறு வெட்டியும், குறை பார்த்தும், மடித்து அடுக்கியும் பகலெல்லாம் நின்று உழைத்தவர்கள் அவர்கள். சிலர் நிறுவன வண்டியில் ஏறுவர். சிலர் பேருந்துக்குக் காத்திருப்பர். சிலர் சந்துகளின் வழியே தனியே நடப்பர். அவர்கள் இரவில் நடப்பது உழைப்பின் பொருட்டு. தம்பியின் பள்ளிக் கட்டணமும், தாயின் மருந்தும், வீட்டின் அடுப்பும் அந்நடையை நம்பியுள்ளன. நல்ல பெண் இரவில் தனியே நடவாள் என்னும் சொல் இவர்கள் அனைவரையும் பழிக்கும் சொல் அன்றோ? அச்சொல்லை ஒருவர் கூறக் கேட்டு வாளாவிருப்பவர், வேங்கையேறிய மங்கையின் கதையை எத்தனை முறை படித்தும் பயனில்லை. தமக்கை ஒருத்தி தனக்கு நேர்ந்த தீங்கைக் கூறும்போது, நீ ஏன் அவ்வழியே சென்றாய் என்று வினவாமல், கூறு, கேட்கின்றேன் என்று அருகே அமரும் தம்பியே அக்கதையை உண்மையிற் படித்தவன்.

தங்காளின் சொல்லை அண்ணன்மார் கேட்டிருப்பின், அவர்களை எழுப்பும் தெய்வ ஆற்றல் அவளுக்கு வேண்டியிராது. உடன்பிறந்தாளின் சொல்லைக் காலத்தில் கேட்கும் காது உள்ள ஊரில் படுகளம் நேர்வதில்லை.

பயிற்சி

1. தங்காளின் ஆற்றலைக் கொங்கு மக்கள் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர்?
2. 1942ஆம் ஆண்டில் வாசகர் அளித்த விடைகளிலிருந்து அறியத்தக்கன யாவை?
3. 'வாசகர் கதவைத் திறந்தனர். கதை எழுதியோர் அவளை வாயிலிலேயே அமர்த்தினர்.' இதனை விளக்குக.
4. மாயக் கதை பொய்யான ஆறுதலைத் தருகின்றது என்னும் தடைக்குப் பாடத்திற் கூறப்படும் விடை யாது? அதனை நீ ஏற்கின்றாயா? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.