கணினிக்குக் களஞ்சியம் கூட்டல்

நெல் மிக விளைந்த ஆண்டில் களஞ்சியம் சிறிதாயிருப்பின் உழவன் படும் அல்லல் சொல்லுந்தரத்தன்று. விளைவு கண்டு மகிழ வேண்டியவன், எங்கே கொட்டி வைப்பேன் என்று ஏங்கி நிற்பான். கணினி வைத்திருப்போர் நிலையும் ஏறக்குறைய அஃதே. படமும் ஒலியும் நூற்படிகளும் நாடோறும் பெருகுகின்றன. பெட்டிக்குள் உள்ள இடமோ வாங்கிய நாளில் இருந்த அளவே. இடம் போதாவிடத்து வேறொரு வன்தட்டை வாங்கி உள்ளே பொருத்திவிடலாம் என்று தோன்றுதல் இயல்பு. கடையில் உறுப்புகளைத் தேர்ந்து கூட்டிய, 'அசெம்பிள்டு' என்று வழங்கும் பெட்டியாயின் அது பெரும்பாலும் எளிதே. பெயர் பெற்ற நிறுவனத்தார் முழுதாகச் செய்து விற்கும் பெட்டியாயின் அத்துணை எளிதன்று. அதன் காரணம் யாது, அவ்விடத்துச் செய்யத்தக்கது யாது என்னும் இரண்டனையும் இக்கட்டுரையின்கண் ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். அவர்க்கு விடை கூறும் கடமை எமக்கு உண்டு. சென்ற ஆண்டில் எம் வகுப்பினர் சிலர் ஒருங்கு கூடி, நம் கல்லூரி மலரின் பழைய தொகுதிகளைத் தாள் தாளாகப் படமெடுத்தோம். சில தொகுதிகள் தொட்டால் பொடியும் நிலையில் இருந்தன. அவற்றை மீண்டும் ஒருமுறை விரித்தல் இயலாது. எடுத்த படம் முழுவதும் பழைய கணினி ஒன்றின் வன்தட்டில் இருந்தது. அக்கணினி பழுதுற்றது. தட்டு நன்றாகவே இருந்தமையின், அதனைக் கழற்றித் துறைக்குப் புதிதாக வந்த பெட்டியிற் பொருத்த முனைந்தோம். மறுபடி ஒன்று எடுத்து வைத்தோமில்லை. அம்முயற்சி என்னவாயிற்று என்பதை உரிய இடத்தில் உரைப்போம்.

களஞ்சியத்தின் வகைகள்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டனர். அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கையகலமுள்ள ஒரு தட்டிற் பல டெராபைட்டுகள் அடங்குகின்றன. ஒரு டெராபைட்டு என்பது இலட்சங்கோடி பைட்டு.

மேசைக் கணினியிற் சேர்க்கத்தக்க களஞ்சியங்கள் இப்போது மூவகைப்படும். முதலாவது, 3.5 அங்குல அளவினதாகிய சுழலும் வன்தட்டு. விலை குறைவு, கொள்ளளவு மிகுதி, வேகம் குறைவு. இரண்டாவது, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.; இதிற் சுழலும் உறுப்பு யாதும் இல்லை. இவ்விரண்டும் சாட்டா என்னும் வாய்வழியே தாய்ப்பலகையோடு இணைவன. மூன்றாவது, எம்.2 என்னும் மெல்லிய பட்டை; இது வடம் வேண்டாது தாய்ப்பலகையிலேயே செருகி ஒரு திருகாணியால் இறுக்கப்படுவது. எம்.2 பட்டைகளுள்ளும் சாட்டா முறையன, என்.வி.எம்.இ. முறையன என இருவகை உண்டு. உருவத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்று இயங்காமற்போதலும் உண்டு. சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 600 மெகாபைட்டைக் கடவாது, என்.வி.எம்.இ. அதனினும் பன்மடங்கு விரைவுடையது.

இவற்றுள் எதனைச் சேர்க்க விரும்பினும் நான்கு வாயில்களைக் கடத்தல் வேண்டும். அவை இடம், மின்சாரம், செய்தி செல்லும் வழி, பெட்டியின் இசைவு என்பன. நிறுவனத்தார் செய்த பெட்டிகளில் இந்நான்கனுள் ஏதேனும் ஒன்று அடைபட்டிருத்தல் கூடும்.

முதல் வாயில்: இடம்

அலுவலகங்களுக்கென விற்கப்படும் சிறு பெட்டிகளில் 3.5 அங்குலத் தட்டு வைக்க ஓரிடமே இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. சில பெட்டிகளில் இடம் இருந்தும், தட்டைத் தாங்கும் தட்டி அந்நிறுவனத்தாரின் தனி வடிவினதாயிருக்கும். எம்.2 துளை இரண்டு உளவே என்று மகிழ்வார், அவற்றுள் ஒன்று வைஃபை அட்டைக்கே உரியது என்பதைப் பின்னர் அறிந்து வருந்துவர். துளையின் பள்ளம் அமைந்த இடத்தையும், பட்டையின் நீளத்தையும் முன்னரே நோக்குதல் நன்று.

இரண்டாம் வாயில்: மின்சாரம்

இடர் மிக்க வாயில் இதுவே. 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் ஏ.டி.எக்ஸ். என்னும் பொது அளவுமுறையை வகுத்தனர். அம்முறையைத் தழுவிய எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து வன்தட்டுகளுக்கென 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தாங்கிய வடங்கள் பல வெளிப்படும். யார் செய்த தட்டாயினும் அவற்றோடு இணையும். நிறுவனத்தார் சிலர் இம்முறையினின்றும் விலகினர். 1990-களின் பிற்பகுதியில் டெல் நிறுவனத்தார் செய்த பெட்டிகள் பலவற்றின் மின்வாய், ஏ.டி.எக்ஸ். வாய் போன்றே தோற்றமளித்தது. உள்ளே ஊசிகளின் வரிசையோ வேறு. தோற்றத்தை நம்பிப் பொது உறுப்பை மாட்டினோர் உறுப்பை இழந்தனர்.

அண்மைக்காலத்து அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் முறை பின்னும் மாறியுள்ளது. எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டை மட்டுமே தாய்ப்பலகைக்கு அளிக்கும். பலகையே அதனை 5 வோல்ட்டாகவும் 3.3 வோல்ட்டாகவும் குறைத்துக் கொள்ளும். வன்தட்டுக்குரிய மின்சாரமும் பலகையிலுள்ள சிறு வாயினின்றே வரும். அவ்வாயின் ஊசி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

எம் முயற்சி இடறியது இவ்விடத்தேதான். பெட்டியைத் திறந்தபோது வன்தட்டுக்கு உரிய மின்வடம் ஒன்றும் காணப்படவில்லை. பலகையில் ஆறு ஊசிகளை உடைய சிறு வாய் ஒன்று இருந்தது. அதற்குரிய வடத்தைச் செய்தாரிடமே பெறுதல் வேண்டும் என்றும், வரச் சில வாரம் ஆகும் என்றும் அறிந்தோம். காத்திருக்கும் பொறுமை எமக்கு இல்லை. அதே வடிவினதாய வேறொரு வடத்தைக் கடைத்தெருவில் வாங்கி மாட்டினோம். வாய் இறுகப் பொருந்தியது. பொருந்தியதே போதும் என்று பொத்தானை அழுத்தினோம். தீய்ந்த நாற்றம் ஒன்று மெல்ல எழுந்தது. தட்டுச் சுழலவில்லை. அறையில் இருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவும் நாணினோம். ஒரு நூற்றாண்டை நெருங்கும் எழுத்து எம் அவசரத்தால் அழிந்ததோ என்னும் அச்சம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

நிகழ்ந்தது இது: அவ்வடத்தில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் உரிய கம்பிகள் இடம் மாறியிருந்தன. 5 வோல்ட்டுக்கு உரிய நரம்பில் 12 வோல்ட்டுப் பாய்ந்தது. பொருந்துதல் வேறு, பொருத்தம் வேறு என்பதை அன்று கற்றோம்.

நகரத்துப் பழுது நீக்குவார் ஒருவரிடம் தட்டைக் கொண்டு சென்றோம். வன்தட்டின் அடியிலுள்ள மின்பலகையில், மின்னழுத்தம் அளவு கடக்குமாயின் தான் மாய்ந்து பிற உறுப்புகளைக் காக்கும் சிறு டயோடு ஒன்று உண்டு என்று அவர் விளக்கினார். மாய்ந்த அவ்வுறுப்பை நீக்கினார், சரியான மின்சாரம் அளித்தார், தட்டுச் சுழன்றது. காவல் உறுப்பின்றி அதனை நெடுநாள் இயக்கலாகாது என்றும், எல்லாத் தட்டுகளும் இவ்வாறு பிழைப்பனவல்ல என்றும் எச்சரித்தார். அங்கேயே அமர்ந்து படம் அனைத்தையும் இரண்டு இடங்களிற் படியெடுத்த பின்னரே எழுந்தோம்.

மின்சாரத்தின் அளவும் நோக்கத்தக்கது. சுழலும் வன்தட்டு ஓடத்தொடங்கும் நொடியில் 20 வாட்டுக்கு மேலும் வேண்டும். ஓடியபின் 10 வாட்டுக்குள் அடங்கும். 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.க்கோ 5 வோல்ட்டே போதும். சில வாட்டுகளில் நிறைவுறும். ஆதலின் சிறிய எஸ்.எம்.பி.எஸ். உள்ள பெட்டிக்குப் பின்னதே ஏற்றது.

மூன்றாம் வாயில்: செய்தி செல்லும் வழி

தாய்ப்பலகையில் எத்தனை சாட்டா வாய்கள் உள்ளன என்று எண்ணுக. அவற்றுள் ஒன்று டி.வி.டி. கருவிக்கு உரியதாயிருக்கலாம், அக்கருவி வேண்டாவிடின் அவ்வாயைத் தட்டுக்குக் கொள்ளலாம். சில பலகைகளில் எம்.2 துளையில் பட்டை செருகியவுடன் சாட்டா வாய் ஒன்று செயலற்றுப்போம். இது பழுதன்று, இரண்டற்கும் வழி ஒன்றே என்பதன் விளைவு. இதனை அறியாதார் நல்ல தட்டைக் கெட்டதென்று எறிவர்.

நான்காம் வாயில்: பெட்டியின் இசைவு

இடமும் மின்சாரமும் வழியும் இருந்தும் பெட்டி புதிய உறுப்பை ஏற்க மறுத்தல் உண்டு. 2011-இல் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட ஐமேக்கில், தட்டின் வெப்பநிலையை அறிவிக்கும் குறிப்பு மின்வாயின் வழியே சென்றது. பொதுச்சந்தைத் தட்டை மாட்டிய அளவில், வெப்பம் அறியமாட்டாத பெட்டி விசிறிகளை முழு வேகத்திற் சுழற்றியது. அந்நிறுவனத்தாரே 2019-இல் விற்ற மேக் ப்ரோவில், உள்ளிருக்கும் களஞ்சியப் பட்டைகள் டி2 என்னும் காவற்சில்லோடு மறைக்குறியாற் பிணைக்கப்பட்டிருந்தன. அவற்றை மாற்றுவோர் மற்றொரு மேக் கணினியின் துணைகொண்டு புதிதாகப் பிணைத்தல் வேண்டும். எனினும் அப்பெட்டியில் பொது என்.வி.எம்.இ. அட்டைகளைச் சேர்க்கத் தனித்துளைகள் இருந்தன என்பதையும் நடுநிலையோடு கூறல் கடன்.

ஏனைய பெட்டிகளில் தடை பெரும்பாலும் பயாஸில் உள்ளது. தட்டுகளை ஆளும் முறை ரெய்டு என்று வைத்து விற்கப்படும் பெட்டிகள் பல. அதனை ஆராயாது ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றின் விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும். பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட பெட்டியாயின், பயாஸை மாற்றியவுடன் மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது கையில் இல்லையேல் உள்ளவையும் இல்லாதவையாம்.

செய்முறை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முறை வருமாறு. முதற்கண், உள்ள செய்தி அனைத்தையும் வேறோரிடத்திற் படியெடுத்து, மீட்புத் திறவுகோலையும் குறித்து வைத்துக்கொள்க. இரண்டாவதாக, பெட்டியின் சரியான மாதிரிப் பெயரைக் கண்டு அதன் சேவைக் கையேட்டைப் படிக்க, டெல், எச்.பி., லெனோவோ முதலியோர் இவற்றைத் தத்தம் வலைத்தளங்களில் விலையின்றி வைத்துள்ளனர். நான்கு வாயில்களும் திறந்தனவா என்பது பெரும்பாலும் அக்கையேட்டிலேயே விளங்கும். மூன்றாவதாக, வடம் வாங்குங்கால் வடிவை நம்பாது கையேடு கூறும் உறுப்பெண்ணை நம்புக. நான்காவதாக, மின்னிணைப்பைப் பிடுங்கிப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைக்க. ஐந்தாவதாக, தட்டை மாட்டுமுன் வடத்தின் முனையில் மல்டிமீட்டர் வைத்து 5, 12 வோல்ட்டுகள் உரிய இடத்தில் வருகின்றனவா என்று அளக்க. ஆறாவதாக, முதலிற் பொருத்துவது வெறுந்தட்டாயிருக்கட்டும். நிறைந்த தட்டைச் சோதனைக்கு இடுதல் பேதைமை. இறுதியாக, புதுத் தட்டு 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதாயின் ஜி.பி.டி. முறையிற் பிரிக்க, பழைய எம்.பி.ஆர். முறை அவ்வெல்லையைக் கடவாது.

வாயில் ஏதேனும் ஒன்று அடைபட்டதெனக் கண்டால் அதனை உடைக்க முயலற்க. யு.எஸ்.பி. வழியே வெளியில் இணையும் தட்டுகள் உள்ளன. எந்நிறுவனத்துப் பெட்டியும் அவற்றை ஏற்கும். யாமும் முடிவில் அவ்வழியே சென்றோம். முதலிலேயே சென்றிருப்பின் ஓரிரவு உறக்கம் மிஞ்சியிருக்கும்.

முடிவுரை

நிறுவனத்தார் செய்கை முற்றும் தீதென்று கூறோம். 12 வோல்ட்டு முறையால் மின்சாரம் மிச்சமாதல் உண்மை. களவு போன பெட்டியிலிருந்து செய்தி களவு போகாமைக்கு மறைக்குறிப் பிணைப்பு உதவுவதும் உண்மை. ஆயினும் விலை கொடுத்து வாங்கியவன் தன் பெட்டியில் ஒரு தட்டைச் சேர்க்கவும் விற்றவன் இசைவை நாடி நிற்பது முறையாமோ? இடம் போதாமை ஒன்றே காரணமாக நன்னிலையில் உள்ள பெட்டிகள் கழிக்கப்படுதல் பொருளுக்கும் கேடு, நிலத்துக்கும் கேடு. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையார், பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு வலைவாயிலைத் தொடங்கியது இக்கருத்துப் பற்றியே. ஊசிகளின் வரிசையை வெளிப்படையாக அறிவித்தலும், உரிய வடத்தை எளிதிற் கிடைக்கச் செய்தலும் நிறுவனத்தார்க்கு அரிய செயல்களல்ல.

எம் பிழையை மறைத்துப் பிறர் பிழையை மட்டும் பேசுதல் அழகன்று. அடைத்த வாயில் அவருடையது. ஆராயாது நுழைந்த அவசரம் எம்முடையது. மலரின் பழைய தொகுதிகள் இப்போது மூன்று தட்டுகளில் மூன்று இடங்களில் உள்ளன. அவற்றைக் காண விரும்பும் மாணாக்கர் தமிழ்த் துறைக்கு வருக. வருங்கால், தம் கணினியில் உள்ளவற்றிற்கு மறுபடி ஒன்று எடுத்துவிட்டு வருவாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் முழுதும் பெற்றவராவோம்.