காசிக்குப் போக என்னென்ன கட்டுவது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் அம்மா, அப்பாவோடு ரயிலில் காசிக்குப் போகிறேன். சாமான்களை எப்படிக் கட்டுவது?

பதில்: முதலில் சக்கரப் பெட்டியை மறந்துவிடுங்கள். படித்துறைகளை ஒட்டிய சந்துகளில் ஆட்டோ நுழையாது. கல் பாவிய தரையில், மாடுகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே பெட்டியை இழுப்பது பெரும்பாடு. ஆளுக்கொரு தோள்பை போதும். கனமானதெல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும்.

அங்கே அப்போது இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஸ்வெட்டர், சால்வையை அடியில் திணிக்காதீர்கள். வடக்கே போகப் போக ரயிலிலேயே தேவைப்படும். ஸ்லீப்பர் வகுப்பில் போர்வை தரமாட்டார்கள். சேலை, வேட்டியை இறுக்கிச் சுருட்டி, நாளுக்கொரு துணிப்பையில் போட்டுவிட்டால், ஒன்றை எடுக்க எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம்.

கங்கையில் குளித்த ஈரத்துணி அந்தக் குளிரில் லேசில் காயாது. கெட்டியான பிளாஸ்டிக் கவர் இரண்டு வேண்டும். டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டே நல்லது.

மாத்திரைகளை மட்டும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பாதி அம்மாவின் கைப்பையில், பாதி உங்களிடம், மருந்துச்சீட்டின் நகலோடு. பனிமூட்டத்தால் அந்தப் பக்க ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது உண்டு. இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.